பெட்டி தட்டையான கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு ஹால் சுவரில் பழைய பெங்காலி பேப்பர்களை செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். அகலம் 144 சென்டிமீட்டர், உயரம் 81. அம்மா பால்கனியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னய்யா, சொவத்துல காயிதம் ஒட்டுத? வெள்ளையடிக்கப் போறியா?"

"இல்லம்மா. 65 இஞ்ச் டி.வி. வாங்கினா இம்புட்டு பெருசு இருக்கும். அதான் ஒட்டிப் பாக்கேன்."

அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "கட்டில விட பெருசால்ல இருக்கு."

நண்பர்களே, விஷயம் இதுதான். தங்கமணிக்கும் பையனுக்கும் 65 அங்குலம் வேண்டும். எனக்கு பர்ஸ் கனம் குறையக் கூடாது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. (இந்தப் பதிவின் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் இத்துடன் முடிந்தது!)

அப்பா தவறிய பிறகு அம்மாவை தூத்துக்குடியில் தனியாக விட மனசில்லாமல் கல்கத்தாவுக்குக் கூட்டி வந்து பதினோரு மாதம் ஆகிறது. கிடர்பூரில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். அம்மாவுக்கு பெங்காலி தெரியாது, இந்தியும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் 'மாஷிமா' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள், இவர்களும் சிரிப்பார்கள். அதற்கு மேல் பேச்சு இல்லை. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் கிளம்பினால் திரும்புவதற்கு ஏழு மணி. அந்தப் பத்து மணி நேரமும் அந்த வீட்டில் தமிழ் பேசுவது டி.வி. ஒன்றுதான். அதனால் இது எங்கள் வீட்டில் ஆடம்பரச் செலவு இல்லை.

ஆனால் இருக்கிற 32 அங்குல டி.வி.யைப் பற்றி அம்மாவுக்கு ஒரு குறை. "ஏய்யா, அவ வாயத் தொறக்கா, மூடுதா. என்ன சொல்லுதான்னுதான் வெளங்க மாட்டேங்கு." பையன் உடனே, "ஸ்க்ரீன் சின்னது ஆச்சி, அதான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டான். பேரன் சொன்னால் ஆச்சிக்கு மறுபேச்சு ஏது!

டி.வி. வாங்கும் சாக்கில் நான் கொஞ்சம் பழைய கதைகளைக் கிளற ஆரம்பித்தேன். நான் இருப்பது கிடர்பூர் அல்லவா? நம் நாட்டு வீடுகளுக்கு வெளிநாட்டுப் பெட்டிகள் வந்து சேர்ந்த கதையில் இந்த ஊருக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்தக் கதையைக் கிளறியதில்தான் அம்மாவின் குறைக்கும் விடை கிடைத்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஊர்.

கப்பல் வந்த ஊர்

கிடர்பூர் துறை 1890களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. ஹூக்ளி நதியில் இருந்து கப்பல்கள் உள்ளே வந்து சரக்கு இறக்க வெட்டிய தொட்டி. கப்பல் நுழைய வேண்டுமென்றால் சாலைப் பாலத்தையே தூக்கிவிடுவார்கள். நம் பாம்பன் பாலம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் மின்சார டிராம் முதன்முதலில் ஓடியதும் இங்கேதான். 1902 மார்ச் 27-ல் எஸ்பிளனேடில் இருந்து கிடர்பூருக்கு. (சென்னையில் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1895-ல் மின்சார டிராம் ஓடிவிட்டது என்று இங்கே பெங்காலி நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள், டீக்கடையில் நல்ல சண்டை கிடைக்கும் :-))

இதே துறைமுகப் பகுதியில் இருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களை ஏற்றிக்கொண்டு கயானாவுக்கும், சூரினாமுக்கும், ஃபிஜிக்கும் கப்பல்கள் போயின. போகும்போது மனிதர்கள் போனார்கள். பின்னாளில் வரும்போது சாமான்கள் வந்தன.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டில் இறக்குமதிக்கு எத்தனை கட்டுப்பாடு என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். வெளிநாட்டுக் கடிகாரம், டேப் ரிக்கார்டர், சென்ட் பாட்டில் எதுவும் சாதாரணக் கடையில் கிடைக்காது. ஆனால் துறைமுகம் இருந்த ஊர்களில் ஒரு சந்து இருக்கும், அங்கே கிடைக்கும். மாலுமிகள் தங்கள் பெட்டியில் கொண்டுவந்து விற்றது பாதி, கள்ளக்கடத்தலில் வந்தது மீதி. கல்கத்தாவில் அந்தச் சந்துக்குப் பெயர் கிடர்பூர் ஃபேன்ஸி மார்க்கெட். சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டும் என்றால் பர்மா பஜார். பர்மாவில் இருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் பிழைப்புக்காக, 1969-ல் சென்னை கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்த கடைத்தெரு அது. பர்மா பஜாருக்கு சரக்கு கொண்டுவந்த வழிகளில் ஒன்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பல். நாகப்பட்டினம், பினாங்கு வழியாகப் போகும். 1985 பிப்ரவரியில் அதில் தீவிபத்து நடந்து, பயணிகள் கப்பலாக அதன் கதை முடிந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதில் போயிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஃபேன்ஸி மார்க்கெட்டுக்கு இப்போது போனால் துணிமணி, செல்போன் உறை, சென்ட் என்று எங்கும் பார்க்கிற கடைகள்தான். அங்கே கடை வைத்திருக்கும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவரோடு எனக்குக் கொஞ்சம் பழக்கம். எல்லோரும் போல நானும் 'சாச்சா' என்றுதான் கூப்பிடுவேன். டி.வி. வாங்கப் போகிறேன் என்றதும் சிரித்தார். "அந்தக் காலத்தில் வருகிறவன் ஒரே கேள்விதான் கேட்பான், 'ஜஹாஸ் கா மால் ஹை?' என்று. கப்பல் சரக்கா என்று அர்த்தம். ஆமாம் என்றால் முடிந்தது, வேறு எதுவும் கேட்க மாட்டான். இப்போது வருகிறவன் எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறான். ஆனாலும் வாங்கும்போது முகத்தில் சந்தேகம் போக மாட்டேன் என்கிறது."

சிக்னல் எட்டுமா?

டி.வி. விஷயத்தில் முதல் கேள்வி கப்பல் சரக்கா என்பதுகூட இல்லை. சிக்னல் எட்டுமா என்பதுதான்.

இந்தியாவில் தொலைக்காட்சி சோதனை ஒளிபரப்பு டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. இரண்டாவது ஊரான பம்பாய்க்கு வரவே 13 வருடம் ஆயிற்று, 1972 அக்டோபர் 2. கல்கத்தாவுக்கு 1975 ஆகஸ்ட் 9, டாலிகஞ்சில் ராதா ஸ்டூடியோ என்ற பழைய சினிமா ஸ்டூடியோவில் இருந்து. ஆறே நாள் கழித்து ஆகஸ்ட் 15-ல் சென்னை. ஆக கல்கத்தா டி.வி.யும் சென்னை டி.வி.யும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். இது இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

வீட்டில் டி.வி. வைத்துக்கொள்ள அப்போது லைசென்ஸ் வேண்டும், வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. வாங்கிய பெட்டிகளும் உள்நாட்டுச் சரக்கு. சென்னையில் சாலிடேர், டயனோரா. கல்கத்தாவில் டெலிராமா. ஹைதராபாத்தில் அரசு நிறுவனம் தயாரித்த இ.சி. டி.வி. கறுப்பு வெள்ளை. மரப்பெட்டி, அதற்கு முன்னால் இழுத்து மூடும் ஷட்டர். பூஜை அறைக்குக் கதவு இருக்கிறதோ இல்லையோ டி.வி.க்குக் கதவு இருந்த காலம்!

தூத்துக்குடிக்காரர்களாகிய எங்களுக்கு இன்னொரு பாக்கியம் இருந்தது. சென்னை சிக்னல் எங்களுக்கு எட்டாது. ஆனால் 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கினார்கள். அதன் கோபுரம் இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலை உச்சியில், இரண்டாயிரத்து ஐநூறு மீட்டருக்கும் மேலே. நடுவில் கடல் வேறு, மறைக்க ஒரு குன்றுகூட இல்லை. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தாண்டி படம் எங்கள் மொட்டைமாடிக்கு வந்து இறங்கும். அதற்காக தெருவெங்கும் தென்னை மர உயரத்துக்கு இரும்புக் குழாய், உச்சியில் ஆன்டெனா, இடையில் பூஸ்டர். காற்று திரும்பினால் அப்பா மாடியில் குழாயைத் திருப்புவார், நான் ஜன்னல் வழியாக "வருது... வருது... போச்சு!" என்று கத்துவேன். இந்த வேலையைச் செய்யாத அந்தக் காலத்துப் பிள்ளை யாராவது உண்டா?

தமிழ் நிகழ்ச்சி கொஞ்ச நேரம்தான் வரும். மீதியெல்லாம் சிங்களம். அம்மா அதையும் பார்ப்பார்கள். புரியாது, ஆனாலும் பார்ப்பார்கள். அழுகிற இடத்தில் அழுவார்கள். அப்பா துறைமுகத்தில் கணக்கர் வேலை முடிந்து வரும்வரை வீட்டில் வேறு குரல் கிடையாது.

இதற்குள் இந்தியாவில் கலர் வந்துவிட்டது. 1982 நவம்பர் 19-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. அதை ஒட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியது, அரசும் கலர் டி.வி. இறக்குமதிக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சொந்தக்காரர்கள் இருந்த வீடுகளுக்கு மரியாதை கூடியது அப்போதுதான். கல்கத்தாவில் கேட்டால் 1986-ஐச் சொல்வார்கள். உலகக் கோப்பை கால்பந்து, மரடோனா. ராத்திரி முழுக்க விழித்து டி.வி.யில் பார்த்த அந்த ஒரு மாதத்துக்காக இங்கே பாதி ஊர் இன்னும் அர்ஜென்டினா கொடி கட்டுகிறது. நாற்பது பேர் பார்த்தது ஒரு 20 அங்குலப் பெட்டியில்!

'ஃபிளாட்' என்ற வார்த்தை

1991-க்குப் பிறகு கதை மாறியது. பொருளாதாரக் கதவு திறந்தது. சோனி 1994-லும், சாம்சங் 1995-லும், எல்.ஜி. 1997-லும் இந்தியாவில் கடை விரித்தார்கள். சந்தில் ரகசியமாக வாங்கிய பெயர்கள் மெயின் ரோட்டில் போர்டு வைத்தன. ஃபேன்ஸி மார்க்கெட், பர்மா பஜார் இரண்டின் மவுசும் குறையத் தொடங்கியது அப்போதிருந்துதான். சாச்சா இதைச் சொல்லும்போது வருத்தமாகச் சொல்லவில்லை. "போலீஸ் பயம் போனதே, அது போதும்" என்றார்.

2000 வாக்கில் நம் ஊரில் 'ஃபிளாட் டி.வி.' என்றால் என்ன தெரியுமா? இன்று நாம் சொல்லும் தட்டை டி.வி. இல்லை. முன்கண்ணாடி மட்டும் வளைவில்லாமல் தட்டை. பின்னால் அதே பழைய பிக்சர் டியூப், கர்ப்பிணிப் பெண்ணின் வயிறு மாதிரி. 29 அங்குல டியூப் டி.வி.யை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். டியூப் ஏன் அவ்வளவு ஆழம்? பின்முனையில் இருந்து கிளம்பும் எலெக்ட்ரான் கற்றை திரையின் நான்கு மூலைக்கும் வளைந்து போய்ச் சேர வேண்டும். திரை பெரிதானால் தூரமும் கூட வேண்டும், கண்ணாடியும் தடிக்க வேண்டும். அதனால் அந்த வழியில் 40 அங்குலத்துக்கு மேல் போவது வீட்டுக்கு ஆகிற காரியமாக இல்லை.

நிஜமான தட்டைத் திரைக்கான விதை அதற்கு வெகு முன்பே விழுந்துவிட்டது. பிளாஸ்மா திரையை அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ என்ற இரண்டு பேராசிரியர்களும் ராபர்ட் வில்சன் என்ற மாணவரும் 1964-ல் உருவாக்கினார்கள். டி.வி. பார்ப்பதற்கு இல்லை. பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் வழிப் பாடத் திட்டத்தில் மாணவர்கள் முன்னால் வைக்க ஒரு திரை வேண்டியிருந்தது, அதற்காக. இரண்டு கண்ணாடித் தட்டு, நடுவே வாயு, மின்சாரம் பாய்ந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். எல்.சி.டி.யை 1968-ல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழு உலகுக்குக் காட்டியது. ஆனால் அது முதலில் போய்ச் சேர்ந்தது கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும். 1988-ல் ஷார்ப் நிறுவனம் 14 அங்குல கலர் எல்.சி.டி. திரையைச் செய்து காட்டிய பிறகுதான் இதைச் சுவரில் மாட்டலாம் என்ற நம்பிக்கை பலருக்கும் வந்தது.

1990களின் பிற்பாதியில் 42 அங்குல பிளாஸ்மா டி.வி. அமெரிக்கக் கடைகளில் பதினையாயிரம் டாலர் வாக்கில் விற்றது. அன்று ஒரு கார் விலை! 2000களில் பிளாஸ்மாவா எல்.சி.டி.யா என்று நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதே பேச்சு. கறுப்பு நிறம் பிளாஸ்மாவில்தான் கறுப்பு, வெளிச்சமான அறைக்கு எல்.சி.டி. என்று ஆளுக்கொரு கட்சி. கடைசியில் பானசோனிக் 2013 முடிவோடு பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்தியது, சாம்சங்கும் அடுத்த வருடமே கைகழுவியது. படம் மோசம் என்பதால் தோற்கவில்லை. எல்.சி.டி. விலை குறைந்துகொண்டே போனது, மின்சாரமும் கம்மி. நாம் 'எல்.இ.டி. டி.வி.' என்று சொல்வதும் பெரும்பாலும் எல்.சி.டி.தான். பின்னால் இருந்த டியூப் லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு, அவ்வளவே. ஓ.எல்.இ.டி. மட்டும் வேறு ஜாதி, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

விமானத்தில் வந்த பெட்டி

கப்பல் போய் விமானம் வந்தது. துபாய், சிங்கப்பூர், பாங்காக் போய் வருகிறவர்கள் லக்கேஜோடு ஒரு தட்டை டி.வி.யும் கொண்டுவரும் பழக்கம் 2010 வாக்கில் உச்சத்தில் இருந்தது. சென்னை, திருச்சி விமான நிலையத்தில் பெல்ட் அருகே நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள், சூட்கேஸை விட டி.வி. அட்டைப்பெட்டி அதிகம் வரும். அப்போது ஒரு குறிப்பிட்ட மதிப்பு வரை பொருட்களுக்கு சுங்க வரி விலக்கு, டி.வி.யும் அதற்குள் அடக்கம்.

2013-ல் ரூபாய் மதிப்பு சரிந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு டாலர் 68 ரூபாயைத் தொட்டது. அரசு அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்த எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று: 2013 ஆகஸ்ட் 26 முதல் பயணிகள் கொண்டுவரும் தட்டை டி.வி.க்கு வரி விலக்கு கிடையாது, 36.05 சதவீதம் கட்ட வேண்டும். ஒரே நாளில் துபாய் டி.வி.யின் லாபம் போயிற்று. 2016-ல் வந்த பயண மூட்டை விதிகளிலும் தட்டை டி.வி. அதே மாதிரி தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டது. உள்நாட்டு வரியிலும் ஒரு கோடு இருந்தது. 2019 தொடக்கத்தில் 32 அங்குலம் வரை 18 சதவீதம் என்று ஆக்கினார்கள், அதற்கு மேல் 28. 'பெரிய டி.வி. பணக்காரன் சாமான்' என்ற பழைய எண்ணம்தான். 2025 செப்டம்பர் 22-ல் எல்லாவற்றுக்கும் 18 என்று ஆக்கிய பிறகுதான் அந்தக் கோடு அழிந்தது. எங்கள் வீட்டில் 65 அங்குலப் பேச்சு எழுந்ததற்கும் அதுதான் காரணம். தங்கமணிக்கு பட்ஜெட் செய்தி எல்லாம் விரல் நுனியில்!

தட்டையானதில் தொலைந்தது

இப்போது அம்மாவின் குறைக்கு வருகிறேன்.

முதலில் உயரக் கணக்கு. பழைய டி.வி. நாலுக்கு மூன்று என்ற வடிவம். அதில் மூலைவிட்ட அளவில் 60 சதவீதம் உயரம். இப்போதைய டி.வி. பதினாறுக்கு ஒன்பது. அதில் 49 சதவீதம்தான் உயரம். அதாவது 29 அங்குல டியூப் டி.வி. உயரத்துக்கு ஈடு வேண்டும் என்றால் இன்று கிட்டத்தட்ட 36 அங்குலம் வாங்க வேண்டும். பழைய 29-ஐக் கொடுத்துவிட்டு 32 வாங்கியவர்கள் 'பெருசு வாங்கினோம்' என்று நினைத்தார்கள், முகம் சின்னதாகிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதேதான்.

இரண்டாவது, கோடுகள். பழைய முறை ஒளிபரப்பில் திரையில் தெரிவது 576 கோடு. ஃபுல் ஹெச்.டி. 1080, அதற்கு மேல் 4கே என்பது 2160. நம் அம்மாக்கள் மதியம் பார்க்கிற பழைய படங்கள் பல இன்னும் அந்தப் பழைய தரத்தில்தான் வருகின்றன. 576 கோட்டை 2160-க்கு இழுத்தால் டி.வி. இல்லாததை ஊகித்து நிரப்ப வேண்டும். 65 அங்குலத்தில் சிவாஜி கணேசன் முகம் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடும். கடையில் நமக்குக் காட்டுவது இதை இல்லை, பனிமலையும் பஞ்சவர்ணக் கிளியும்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். சத்தம்.

பழைய மரப்பெட்டி டி.வி.யில் ஸ்பீக்கர் எங்கே இருந்தது? திரைக்குப் பக்கத்தில், முன்பக்கம் பார்த்து. பெட்டிக்குள் தாராளமாக இடம், அந்தக் காற்று வெளியே குரலைக் கனமாக்கும். டி.வி. தட்டையாக ஆக, ஸ்பீக்கருக்கு இடம் போனது. திரையைச் சுற்றிய சட்டமும் மெலிந்து மெலிந்து மறைந்தது. கடைசியில் ஸ்பீக்கர் சின்னதாகி கீழ்ப்பக்கமோ பின்பக்கமோ திரும்பிக்கொண்டது. ஆக பல டி.வி.களில் குரல் நம்மைப் பார்த்து வருவதில்லை, மேஜையிலோ சுவரிலோ மோதித்தான் வருகிறது. வயதானவர்களுக்கு முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, க போன்ற எழுத்துக்களின் கூர்மை அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. சத்தம் கேட்கும், வார்த்தை பிரியாது. வால்யூமை ஏற்றினால் பின்னணி இசையும் சேர்ந்து ஏறும்.

"வாயத் தொறக்கா, மூடுதா." அம்மா கண்ணைப் பற்றிச் சொல்லவே இல்லை. காதைப் பற்றித்தான் பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் சுவரை அளந்துகொண்டிருந்தோம்.

இது புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து மணி நேரம் அந்த வீட்டில் இருக்கிற ஒரே தமிழ்க் குரல், அதுவும் புரியாமல் இருந்திருக்கிறது. ரூபவாஹினியில் சிங்கள நாடகம் பார்த்த மாதிரியே தமிழ் நாடகத்தையும் பார்த்திருக்கிறார்கள். என்ன ஒரு வித்தியாசம், அப்போது சாயங்காலம் அப்பா வந்துவிடுவார்.

வாங்கியது

மறுநாள் சனிக்கிழமை அம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரரிடம் பனிமலையை நிறுத்திவிட்டு, அம்மா பார்க்கிற தமிழ் சேனலைப் போடச் சொன்னேன். இன்டர்நெட்டில் போட்டார். வீட்டில் சோபாவில் இருந்து சுவர் ஒன்பதடி, கடையிலும் ஒன்பதடி தள்ளி ஒரு நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தேன். 65-ல் பார்த்தார்கள், 55-ல் பார்த்தார்கள், 43-ல் பார்த்தார்கள். பிறகு கடைக்காரர் 55-க்குக் கீழே ஒரு சவுண்ட்பாரை வைத்து, பேச்சுக் குரலை மட்டும் தூக்கிக் காட்டும் அமைப்பைப் போட்டார்.

அம்மா நாற்காலி நுனிக்கு வந்தார்கள். இரண்டு நிமிடம் பேச்சில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அவ மாமியாளா அவ? நான் இத்தன நாளும் அவளப் பெத்த தாயின்னுல்லா நெனச்சேன்!" என்றார்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

55 அங்குலமும் சவுண்ட்பாரும் சேர்ந்து 65 அங்குலத்தின் விலைக்குள் அடங்கிவிட்டன. பையனுக்கு இரண்டு நாள் முகம் தூக்கி வைத்திருந்தது, மூன்றாம் நாள் கிரிக்கெட் வந்ததும் சரியாகிவிட்டது.

ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்காக, இந்த அலைச்சலில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரில் பேப்பர் ஒட்டிப் பாருங்கள், 55 அங்குலம் என்றால் 122-க்கு 69 சென்டிமீட்டர், 43 என்றால் 95-க்கு 54. உட்காரும் இடத்தில் கண் மட்டத்துக்கு திரையின் நடுப்பகுதி வரட்டும், சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டாதீர்கள், பெரியவர்களுக்குக் கழுத்து வலிக்கும். பகலில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுமா என்று பாருங்கள். உங்கள் வீட்டுக்குத் தமிழ் சேனல் எந்த வழியில், எந்தத் தரத்தில் வருகிறது என்று முதலில் விசாரியுங்கள், அப்புறம் அங்குலத்தை முடிவு செய்யுங்கள். 2019-ல் வந்த டிராய் விதிப்படி வேண்டிய சேனலைத் தனித்தனியாக எடுக்கலாம் என்பதால் கல்கத்தாவில் தமிழ் சேனல் வாங்குவது முன்பு போல் கஷ்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் அதிக நேரம் அந்த டி.வி. முன்னால் உட்காரப் போவது யாரோ அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

சாச்சாவிடம் போய் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். "எத்தனை இஞ்ச்?" என்று கேட்டார். 55 என்றேன். "அம்மாவுக்குக் கேட்கிறதா?" என்று அடுத்த கேள்வி. அவரும் வீட்டில் வால்யூமை ஏற்றி வைத்துப் பேரனிடம் திட்டு வாங்குகிறவராம்!

உங்கள் வீட்டுக்கு முதல் டி.வி. எப்போது, எந்த வழியாக வந்தது? கப்பலா, விமானமா, பக்கத்துத் தெரு தவணைக் கடையா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று சாயங்காலம் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டி.வி.யை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பி.கு: பேப்பர் ஒட்டிய செல்லோடேப்பை உரித்ததில் ஹால் சுவரின் பெயின்ட் நாலு இடத்தில் பெயர்ந்து வந்துவிட்டது. அம்மா அன்று கேட்ட மாதிரி இப்போது வெள்ளையடிக்கத்தான் போகிறோம்.